வீடு நிறையப் பாட்டு... மூச்சு விட இடமிருக்கா?

ஆலோசனை: சித்த மருத்துவர், சங்ககிரி

"இரைப்புக்கு மருந்து கொடுங்க" என்று வருகிறவர்களிடம் நாடி பார்ப்பதோடு ஒரு கேள்வியும் கேட்பேன். "வீட்டில் எந்த அறையில் படுக்கிறீங்க? அந்த அறையில் என்னென்ன சாமான் இருக்கு?"

பழைய மெத்தை, நெல் மூட்டை, தறியிலிருந்து வரும் பஞ்சுத் தூசி... இப்படித்தான் பதில் வரும். கொஞ்ச காலமாக இன்னொரு பதிலும் சேர்ந்திருக்கிறது: "பாட்டு கேசட்டுங்க!"

சிரிக்காதீர்கள். எங்கள் சங்ககிரி, லாரிக்காரர்கள் நிறைந்த ஊர். பக்கத்துத் திருச்செங்கோட்டுக்காரர்கள் போர்வெல் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகிறவர்கள். மொழி தெரியாத ஊரில், ராத்திரி நேரத்து ரோட்டில், கூட வரும் துணை பாட்டுதான். அன்னக்கிளி வந்த 1976-க்குப் பிறகு ஊருக்கு ஊர் டேப் ரிக்கார்டர் பரவியது. பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதி, காலி கேசட்டோடு ரிக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கி வந்த தலைமுறை இது. அப்படிச் சேர்ந்தவை இன்னும் பல வீடுகளில் பரண் மேல் இருக்கின்றன. அவற்றோடு சி.டி., பென் டிரைவ், ஹார்டு டிஸ்க் என்று கூட்டம் கூடிக்கொண்டே போகிறது.

பேரனுக்குத் தொட்டில் கட்ட இடமில்லை

ஓய்வில் இருக்கும் ஒரு லாரி உரிமையாளர், வயது எழுபது. இரைப்பு அவருக்கு இல்லை, மனைவிக்கு. அந்த அம்மா வந்த வேகத்தில் பொரிந்து தள்ளிவிட்டார்.

"ஏனுங்க டாக்டர், எங்கூட்டுக்காரரு கிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க. கட்டிலுக்கு அடியில, பரண் மேல, பூசை ரூமுக்குப் பக்கத்துல... எங்க பார்த்தாலும் கேசட்டுப் பெட்டிதானுங்க. மருமக மாசமா இருக்குறா. கொழந்தைக்குத் தொட்டில் கட்ட இடமில்லீங்க!"

பெரியவர் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "முப்பது வருசமா போற ஊரெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குனதுங்க. அதை வெளிய போடறதுன்னா என்னையும் சேர்த்துப் போட்டுருங்க."

எண்ணிப் பார்த்ததில் 1,800 கேசட்டுகள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு என்ன வழி?

சேகரிப்பு வேறு, நோய் வேறு

முதலில் ஒரு தெளிவு. நிறையச் சேர்த்து வைப்பதெல்லாம் நோய் அல்ல. பயன் இருக்கிறதோ இல்லையோ எதையும் விட முடியாமல் குவிக்கும் பழக்கத்தை, 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் தனி நோயாகவே சேர்த்தது. அதன் அடையாளங்கள் எளியவை. கட்டிலில் படுக்க முடியாது, அடுப்படியில் சமைக்க முடியாது என்ற அளவுக்குச் சாமான் ஏறியிருக்கும். ஒன்றைக் கழிக்கச் சொன்னாலே தாங்க முடியாத பதற்றம் வரும். என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. இப்படி இருந்தால் வீட்டார் சண்டை போட்டுப் பயனில்லை. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதே சரி.

உண்மையான சேகரிப்பாளருக்குத் தன்னிடம் இருப்பது என்ன என்று தெரியும். சென்னையில் வி.ஏ.கே. ரங்கராவ் ஆயிரமாயிரம் கிராமபோன் இசைத்தட்டுகளைத் திரட்டியதோடு நிற்கவில்லை. அவற்றில் பாடியவர் யார், இசை யாருடையது என்று ஆராய்ந்து எழுதியும் வந்தார். மும்பையில் 1990-ல் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் கூடி இந்திய அளவில் ஒரு சங்கமே தொடங்கினார்கள். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, தனி ஆளாகப் பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்தார். அந்தச் சேகரிப்பை அடித்தளமாக வைத்து, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஒரு மனிதரின் ஆசை ஊருக்கே சொத்தானது!

நம் பெரியவரைக் கேட்டேன்: "எந்தப் பெட்டியில் என்ன இருக்குன்னு சொல்ல முடியுமாங்க?" "பாதிக்குச் சொல்வேனுங்க" என்றார். அப்படியானால் நோய் இல்லை. ஒழுங்குதான் தேவை.

மருந்துக்கு ஆயுள் உண்டு, பாட்டுக்கும் உண்டு

சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று மருந்தின் ஆயுள். குடிநீர் என்கிற கஷாயத்துக்கு 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். லேகியத்துக்கு 6 மாதம். செந்தூரத்துக்கு 75 வருடம், பற்பத்துக்கு 100 வருடம் என்று நூல்கள் கணக்கு வைத்திருக்கின்றன. பாட்டைத் தாங்கும் பொருளுக்கும் இப்படி ஆயுள் உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை.

பழைய 78 சுற்று இசைத்தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கு! நாங்கள் அரக்குத் தைலத்துக்குச் சேர்க்கும் அதே கொம்பரக்கிலிருந்து எடுத்த பிசினோடு கல்பொடியும் கரியும் கலந்து வார்த்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாட்டும் அந்த அரக்கில்தான் பதிந்தது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். விழுந்தால் ஓடு மாதிரி உடையும். விழாமல் காப்பாற்றினால் நூறு வருடம் கழித்தும் பாடும். பற்பம் மாதிரி!

கேசட் அப்படியல்ல. மெல்லிய பாலியெஸ்டர் நாடாவின் மேல் காந்தத் துகளைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். ஈரக்காற்றில் பசை கெடும், பூஞ்சை பிடிக்கும். 90 நிமிட கேசட்டின் நாடா 60 நிமிட நாடாவைவிட மெல்லியது என்பதால் சீக்கிரம் சிக்கும். ஹார்டு டிஸ்க்கோ, நேற்றுவரை ஓடிவிட்டு இன்று காலையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக் கூடியது. ஆயிரம் ரூபாய் கஷாயத்தை வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பாரா யாராவது?

எதை முதலில் காப்பாற்றுவது?

ஒரு சின்னக் கணக்கு. 60 நிமிட கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற 60 நிமிடம் ஆகும். குறுக்கு வழி இல்லை. 1,800 கேசட்டுக்கு 1,800 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 900 நாள், அதாவது இரண்டரை வருடம்! ஆகவே தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

பெரியவருக்குச் சொன்ன வழி இதுதான். "சினிமாப் பாட்டு எங்கேயாவது கிடைக்கும். உங்க வீட்டில் மட்டும் இருக்கிறதை முதலில் எடுங்க."

மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். தினம் காலையில் ஒரே ஒரு பெட்டி. இரட்டையாக இருந்தவை, நாடா அறுந்தவை, வேறெங்கும் கிடைப்பவை என்று பிரித்தார். கடைசியில் வேறு யாரிடமும் இல்லாதவை என்று 60 கேசட்டுகள் தேறின. தினம் இரண்டு மணி நேரம் என்றால் ஒரே மாத வேலை! மாரியம்மன் பண்டிகையில் பெண்கள் பாடிய கும்மி, ஐந்து வயதில் மகள் ஒப்பித்த ஆத்திசூடி, பேரனைத் தொட்டிலில் போட்டு மாமியார் பாடிய தாலாட்டு... மாமியார் இறந்து இருபது வருடம் ஆகிறது. தூக்கிப் போடச் சொன்ன அந்த அம்மாவின் தாயார் குரல், தூக்கிப் போடச் சொன்ன பெட்டிக்குள்தான் இருந்தது!

"எங்கம்மாளுங்க..." என்றார், அவ்வளவுதான். மேற்கொண்டு பேச்சு வரவில்லை.

இந்த மாதிரிப் பதிவுகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1965-ல் கனடா மானிடவியலாளர் பிரெண்டா பெக் நம் கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில், உடுக்கையடித்துப் பாடிய அண்ணன்மார் கதையை டேப்பில் பிடித்தார். 1992-ல் அது தமிழிலும் ஆங்கிலத்திலுமாகப் புத்தகமாக வந்தது. உங்கள் ஊர்க் கோயிலில் பாடிய பெரியவரின் குரல் ஒரு பழைய கேசட்டில் மட்டும் மிச்சமிருக்கலாம்.

அந்த அம்மாவின் இரைப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். படுக்கையறையிலிருந்து பெட்டிகள் வெளியேறியபின், நடுராத்திரியில் எழுந்து உட்காருவது நன்றாகக் குறைந்தது. ஏற்கெனவே அவர் எடுத்துவந்த இன்ஹேலரை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

தூசி தட்டும் முன்...

1. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வாசலிலோ திண்ணையிலோ வைத்துத் துடையுங்கள். இரைப்பு உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அருகில் வேண்டாம். முடிந்ததும் கை, முகம் கழுவி உடை மாற்றுங்கள்.

2. பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல டேப் ரிக்கார்டரில் போடாதீர்கள். அழுக்கு ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும்.

3. அரக்கு இசைத்தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைக்கவே கூடாது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். மெல்லிய உலர்ந்த துணி போதும்.

4. இசைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரண் அடுப்பு மாதிரி. பிளாஸ்டிக் தட்டு அங்கே நெளிந்துவிடும்.

5. ஒரு 78 சுற்றுத் தட்டு சுமார் 200 கிராம். நூறு தட்டு 20 கிலோ! அறுபதைத் தாண்டியவர்கள் ஸ்டூல் மேல் ஏறிப் பரணிலிருந்து இறக்க வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்தால் பாட்டு கேட்கும் மனசே போய்விடும்.

6. பூச்சிக்கு வசம்பையும் காய்ந்த நொச்சி இலையையும் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கலாம். நாப்தலின் உருண்டை குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். சில குழந்தைகளுக்கு அதனால் ரத்த அணுக்களே உடையும் ஆபத்து உண்டு.

7. அழியக்கூடாத கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் யாரும் மேலே பதிவு செய்ய முடியாது.

8. மாற்றியதை மூன்று இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ ஒன்று.

காது ஒன்றும் இரும்பல்ல

இளைஞர்களுக்கு இடப் பிரச்சினை கிடையாது. 32 ஜி.பி. பென் டிரைவில் சாதாரணத் தரத்தில் சுமார் 7,000 பாட்டு அடங்கும். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் முடிக்க ஒன்றரை வருடம் ஆகும். இருந்தும் பதினைந்து வினாடிக்கு ஒரு பாட்டைத் தள்ளித் தள்ளி, எதையும் முழுதாகக் கேட்காமல் தூங்கப் போகிறார்கள். இலை நிறையப் பரிமாறிவிட்டு எதையும் மெல்லாமல் எழுந்த கதை!

அவர்களுக்கு ஆபத்து காதில். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதுவே 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். போனில் முழுச் சத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். பகலெல்லாம் தறிப்பட்டறைச் சத்தத்தில் நிற்பவர்கள், வீட்டுக்கு வந்ததும் இயர்போன் மாட்டாதீர்கள். காதுக்கும் ஓய்வு வேண்டும். காதில் 'உய்ங்' என்ற இரைச்சல் நீடித்தால், எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிற வேலையெல்லாம் வேண்டாம். காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிரைவர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பாட்டு தூக்கத்துக்கு மாற்று மருந்து அல்ல. கண் சொருகினால் சத்தத்தைக் கூட்டாதீர்கள். வண்டியை ஓரம் கட்டித் தூங்குங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

கடைக்குப் போய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பெட்டிக்கு ஒரு எண், கேசட்டுக்கு ஒரு எண். படம் அல்லது பாடியவர், வருடம், எங்கே பதிவு செய்தது, யார் குரல் என்று எழுதுங்கள். வீட்டுப் பதிவாக இருந்தால் குரலுக்கு உரியவர் என்ன உறவு என்பதையும் எழுதிவிடுங்கள். இன்று நமக்குத் தெரிகிற குரல், பேரப்பிள்ளைகளுக்கு யாரோ ஒருவரின் குரல்தானே? எழுதாமல் போன சேகரிப்பு, சேர்த்தவர் கண்ணை மூடியதும் பழைய சாமான் கடைக்குக் கிலோ கணக்கில் போகும். இதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

புதிதாக ஒன்று வாங்கினால் பழையதில் ஒன்றை, கேட்கிற ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யக் கிளம்பினால் முதுகு பிடித்துக்கொள்ளும், வீட்டில் சண்டையும் வரும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பெட்டி. மகனையோ பேத்தியையோ இறக்கித் தரச் சொல்லுங்கள். அப்படியே அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பாட்டையாவது முழுதாகக் கேளுங்கள்.