விரல் யோசிக்குமா சார்?

சண்டை வீடியோ கேமில் அடி வருவதைக் கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, விரல் அசைய ஏறக்குறைய கால் விநாடி ஆகிறது. அதற்குள் திரையில் 15 படங்கள் ஓடிவிடும். 'யோசிச்சு ஆடலாம்'னு உட்கார்ந்தால் ஆள் காலி!

2004-ல் கலிஃபோர்னியாவில் 'ஈவோ' போட்டி. ஆட்டம், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்'. ஜப்பானின் டைகோ உமெஹாராவுக்கு உயிர் நூலளவு. எதிரே அமெரிக்காவின் ஜஸ்டின் வாங், சூப்பர் உதையோடு தயார். அதைச் சும்மா தடுத்தால்கூட மிச்ச உயிர் போய்விடும். ஒரே வழி, ஒவ்வோர் உதையும் படும் கணத்தில் ஸ்டிக்கை முன்னே தட்டுவது. இதற்குப் பெயர் 'பாரி'. தேர் கொடுத்த பாரி இல்லீங்க, அடி வாங்காத பாரி! வந்தது 15 உதை. அத்தனையையும் தட்டிவிட்டு, திருப்பி அடித்து ஜெயித்தார் டைகோ.

'எல்லாம் உள்ளுணர்வு' என்பார்கள். எனக்குப் பாதி சம்மதம். தட்டியது பழகிய விரல். ஆனால், முதல் உதையைப் பார்த்தபின் தட்ட நேரமே கிடையாது. 'இப்போ இவன் இதைத்தான் விடுவான்' என்று முன்பே கணக்குப் போட்டது மூளை!

டைப்ரைட்டிங் கற்றவர்களுக்கு இது புரியும். 'ஏ எங்கே?' என்று நினைத்தால் விரல் தடுமாறும். லெட்டரில் என்ன எழுதுவது என்பதையும் விரலிடமே விட்டால், வேலை போகும்.

இன்டர்வியூவுக்கும் இதேதான். பதிலை வீட்டிலேயே நாக்குக்குப் பழக்கிடுங்க. அங்கே போனதும் மூளையை எதிரே இருப்பவர்மேல் வையுங்க. அடுத்த உதை அங்கிருந்துதான் வரும்!