வெளிநாட்டு குக்கர் 'டக்'குனு நின்னு போகுதா? பிளக்கை மாத்தினா மட்டும் போதாது!

திருச்சி: சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று வெளிநாட்டில் இருந்து ஊர் திரும்புபவர்கள் ஆசை ஆசையாய் வாங்கி வரும் ரைஸ் குக்கர், கெட்டில் போன்றவை இங்கே சுவிட்ச் போட்ட சில நிமிடத்தில் நின்று விடுவது உண்டு. ரிப்பேர் என்று தூக்கி போடும் முன் அடியில் ஒட்டியுள்ள லேபிளை பாருங்கள்.

120 வோல்ட் என்றால்...

அமெரிக்க கரண்ட் 120 வோல்ட். நம்ம ஊர் 230. பிளக்கை மட்டும் மாற்றி சொருகினால் குக்கர் கிட்டத்தட்ட 2 மடங்கு கரண்டை இழுக்கும். உள்ளே இருக்கும் பியூஸ் போகும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் தேவை. 700 வாட்ஸ் குக்கருக்கு 1,000 வாட்ஸ் டிரான்ஸ்பார்மராவது வேண்டும்.

220-240 என்றால்...

சிங்கப்பூர், துபாய் பொருட்களுக்கு வோல்டேஜ் பிரச்சினை இல்லை. லூசான அடாப்டர்தான் பெரும்பாலும் வில்லன். 2,200 வாட்ஸ் கெட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை 5 ஆம்பியர் பிளக்கில் போட்டால் பிளக் உருகி விடும். 15 ஆம்பியர் பவர் பிளக்தான் சரி.

இதையும் பாருங்க

குக்கர் பாத்திரத்தின் அடியில் ஒரு சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தாலும் சுவிட்ச் சீக்கிரம் மேலே ஏறிவிடும். கெட்டிலில் தண்ணீர் குறைந்தால் தானாக ஆப் ஆகும். ஆறவிட்டு மறுபடி போடலாம்.

போட்டதுமே வீட்டு டிரிப்பர் விழுந்தால் கரண்ட் கசிவு காரணமாக இருக்கலாம். அதை மறுபடி தொடாதீங்க. எலக்ட்ரீசியனை கூப்பிடுங்க.