என் வீட்டு 1858 காம்பஸ்

சென்ற பொங்கல் விழாவுக்குப் பிறகு கட்கியில் உள்ள என் வீட்டுக்கு வந்த சங்க அன்பர்கள் பலர், கூடத்து அலமாரியில் இருந்த பித்தளைக் காம்பஸைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். போர்காட் மலைப்பாதை போட்ட காலத்துக் கருவி என்று நானும் சளைக்காமல் கதை சொன்னேன். அது போலி. வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுவது மரியாதை என்று தோன்றியது.

பழம்பொருள் சேர்ப்பது ஓய்வுக்குப் பிறகு வந்த பழக்கம். பழைய விளக்கு, பூட்டு, தராசு என்று சின்னச் சின்னதாக வாங்குவேன். ஆனால் மனதுக்குள் ஓர் ஆசை இருந்தது. ரயில்வேயில் 36 வருடம். அதில் ஐந்து வருடம் கர்ஜத்திலிருந்து கண்டாலா ஏறும் பாதையில் தண்டவாளம் பார்த்தவன் நான். மழைக்காலத்தில் பாறை உருளும் என்று ராத்திரி முழுக்கக் காவல் நடந்த பாதை அது. 1856-ல் தொடங்கி 1863-ல் முடிந்த வேலை, 25 சுரங்கங்கள், 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859-ல் வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் பொறுப்பேற்று ஆட்களை வைத்து முடித்தார். கூலித் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்த வேலையில் புழங்கிய கருவி ஒன்று என் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

ஜூனா பஜாரில் வாங்கியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அங்கே போனால் கண்ணைத் திறந்து வைத்திருப்பேன். இது கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் உள்ள கடை. "காகா, லோனாவ்லாவில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது வந்தது" என்றார் கடைக்காரர். மூடியில் ‘ஸ்டான்லி, லண்டன், 1858’ என்று பொறித்திருந்தது, கீழே ஜி.ஐ.பி. ரயில்வே என்ற ஆங்கில எழுத்துகள். 1858-ல்தான் கண்டாலாவிலிருந்து புனே வரை ரயில் ஓடத் தொடங்கியது. அது எனக்குத் தெரியும் என்பதுதான் எனக்கு வினையாயிற்று. கடைக்காரர் சொல்லாத மிச்சக் கதையை நானே பின்னிக்கொண்டேன். 14,000 கேட்டார், 9,500-க்கு முடித்தேன். 4,500 ரூபாய் குறைத்துவிட்ட பெருமையில் வீடு வந்தேன். மனைவியிடம் 4,000 என்றேன்.

எட்டு மாதம் கழித்து, பாலிடெக்னிக்கில் சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் அதை எடுத்துக் கண்ணில் வைத்தான்.

"அங்கிள், ப்ரிஸம் வழியாப் பார்த்தா நம்பர் எல்லாம் திரும்பித் தெரியுதே?"

எனக்குச் சுரீர் என்றது. விஷயம் இதுதான். ப்ரிஸ்மாடிக் காம்பஸில் அளவை நேராகப் பார்த்துப் படிப்பதில்லை, ப்ரிஸம் வழியாகப் படிக்கிறோம். அது உருவத்தைத் திருப்பிக் காட்டும். ஆகவே தட்டில் எண்களைத் திருப்பியே எழுதியிருப்பார்கள். பூஜ்யம் வடக்கில் இருக்காது, தெற்கு முனையில் இருக்கும். டிப்ளமாவில் சர்வே பாடத்தின் முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது. எத்தனையோ பயிற்சிப் பையன்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். என் 1858 காம்பஸில் பூஜ்யம் வடக்கில் உட்கார்ந்திருந்தது. எண்கள் கடிகாரத்தில் இருப்பதுபோல் நேராக இருந்தன. எவனும் அதை வைத்து எந்தப் பாதையையும் அளந்திருக்க முடியாது.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன். எடுத்தால் எல்லாம் தெரிகிறது! அடித்தட்டைப் பிடித்திருந்த திருகுகளில் சிலுவை வெட்டு. அப்படிப்பட்ட திருகு 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. கையால் செதுக்கிய எழுத்தில் ஆழம் கூடிக் குறையும். இதில் எல்லாக் கோடும் ஒரே ஆழம். பல வருடம் கைபட்ட பித்தளை விளிம்பில் தேய்ந்து பளபளக்கும், இடுக்கில் கறுத்திருக்கும். இது உள்ளும் புறமும் ஒரே கறுப்பு, மருந்தில் முக்கி எடுத்தது. ரூர்க்கியில் சர்வே கருவி செய்யும் தொழில் வெகுகாலமாக உண்டு. இப்படி அலங்காரக் காம்பஸ்களும் அங்கே செய்கிறார்கள். அலங்காரப் பொருள் என்று விற்றால் அதில் தவறே இல்லை. நடுவில் ஒருவர் பங்களாக் கதை சேர்க்கும்போதுதான் மோசடியாகிறது.

கடைக்குப் போனேன். "பில்லைப் பாருங்கள் காகா" என்றார் சாந்தமாக. ‘பித்தளை ஷோபீஸ், ஒன்று’ என்று இருந்தது. நான் அதை வாங்கிய அன்று படிக்கவே இல்லை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட இத்தகைய பொருள் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் வரும். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறதா, வயதைப் பில்லில் எழுதித் தருவீர்களா என்று இரண்டு கேள்வி அன்றே கேட்டிருந்தால் காம்பஸ் அங்கேயே இருந்திருக்கும்.

பணம் போனதைவிட, தொழில் தெரிந்தவன் ஏமாந்தேன் என்பதுதான் உறுத்தியது. பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. காம்பஸை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளினேன். அந்தச் சமயத்தில்தான் சங்க நண்பர் ஒருவர் போன் செய்தார். பொங்கலன்று பார்த்ததிலிருந்து அந்தக் காம்பஸ் நினைவாகவே இருக்கிறதாம். மாப்பிள்ளையின் புதுவீட்டுக்குப் பரிசாகக் கொடுக்க 12,000 தருகிறேன் என்றார்.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதை இங்கே ஒளிக்கப் போவதில்லை. அவருக்குத் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியப்போவதில்லை. போன பணம் லாபத்தோடு திரும்பும். 2021-ல் கொச்சியில் மோன்சன் மாவுங்கல் என்பவர் கைதானது நினைவிருக்கும். மோசஸின் கைத்தடி, திப்பு சுல்தானின் சிம்மாசனம் என்றெல்லாம் வைத்திருந்தார். அந்தச் சிம்மாசனத்தில் உயர் போலீஸ் அதிகாரியே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர்கள் வந்து போனதாலேயே மற்றவர்களும் நம்பினார்கள். என் வீட்டு அலமாரியும் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறது. கடைக்காரரை நம்பி அல்ல, ரயில்வேக்காரர் சொல்கிறார் என்று என்னை நம்பித்தான் நண்பர் 12,000 கொடுக்க வந்தார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே அழைத்துப்போய்ச் சுவரில் ஒரு தஞ்சாவூர் ஓவியத்தைக் காட்டினார். தங்கரேக்கு என்று சொல்லி வாங்கியது. கிருஷ்ணனின் ஆபரணங்கள் எல்லாம் கறுத்துப் போயிருந்தன. "ஆறு வருஷமா லைட்டைப் போடாம வெச்சிருக்கேன் சார்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

அந்தத் தைரியத்தில் மனைவியிடமும் 9,500 என்ற கணக்கைச் சொன்னேன். அது சிரிப்பில் முடியவில்லை.

கோபம் தணிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சுக்ரவார் பேட்டையில் உள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கண்ணாடிக் கடைக் குடும்பத்தைச் சேர்ந்த தினகர் கேல்கர் ஊர் ஊராக அலைந்து சேர்த்து, சிறுவயதில் இறந்த தன் மகன் ராஜாவின் பெயரில் வைத்தது; 20,000-க்கு மேற்பட்ட பொருள்கள். விளக்கு, மைக்கூடு, வெற்றிலைப்பெட்டி. பாக்குவெட்டிகளின் முன்னால் என் மனைவி நின்றுவிட்டாள். "எங்க ஆத்தாவோடது பரண்ல பழைய பேப்பர்ல சுத்திக் கிடக்குதுங்க. அதை ஒருநாளாவது எடுத்துப் பார்த்தீங்களா?" இல்லை. அதில் லண்டன் பேர் ஏதும் இல்லையே!

காம்பஸைத் தூக்கி எறியலாமா என்று யோசித்தபோது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் கெட்டி அருங்காட்சியகம் 1985-ல் பெரும் விலைக்கு ஒரு கிரேக்கச் சிலை வாங்கியது. சந்தேகம் கிளம்பிய பிறகும் ஒளிக்காமல், ‘கி.மு. 530 அளவில், அல்லது நவீனப் போலி’ என்று சீட்டு எழுதியே பல வருடம் வைத்திருந்தார்கள். 2018-ல்தான் காட்சியிலிருந்து எடுத்தார்கள். நானும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்: ‘ப்ரிஸ்மாடிக் காம்பஸ். போலி. விலை 9,500.’ முன்வரிசையில், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் தன் நண்பர்களை அழைத்துவந்து பூஜ்யம் எங்கே இருக்கக் கூடாது என்று காட்டுகிறான்.

பழம்பொருள் வாங்கும் எண்ணமுள்ள அன்பர்கள், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நடை வீட்டுக்கு வாருங்கள். பூதக்கண்ணாடி தருகிறேன், காபியும் உண்டு. கடைக்காரர் எழுதித் தருவதாகச் சொன்ன பில்லின் வாசகத்தையும் மறக்காமல் குறித்துக்கொண்டு வாருங்கள்.