அமெரிக்க எஞ்சினும் பெருங்களத்தூர்க் காரும்

திருக்கோவிலூரிலிருந்து விழுப்புரம் வழியாகச் சென்னை செல்லும்போது, வண்டலூரைத் தாண்டியதும் பெருங்களத்தூர் வருகிறதல்லவா? இன்று அங்கே கணினி நிறுவனங்களின் உயர்ந்த கட்டடங்களைக் காண்கிறோம். முன்பு அவ்விடத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் என்னும் கார்த் தொழிற்சாலை இருந்தது. நம் தாத்தா காலத்து டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி ஓட்டிய ஹெரால்டு கார் இந்நிறுவனத்தின் படைப்பே. ஆனால் அது கடைசியாகச் செய்த காரின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர்களுக்கு வேகத்தின்மீது மோகம் பிறந்தது. எஞ்சின்கள் பெருத்தன, இரும்பால் ஆனதால் எடையும் கூடியது. 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பியூக் காருக்கு அலுமினியத்தால் ஓர் எஞ்சினை வார்த்தது. நான்கு நான்காக எட்டு சிலிண்டர்கள், ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் விரிந்து நின்றன. கொள்ளளவு 3.5 லிட்டர், எடையோ சுமார் 145 கிலோதான்! ஆயினும் வார்ப்பில் பழுதுகள் மிகுந்தன, செலவு ஏறியது. மூன்றே ஆண்டுகளில் அதைக் கைவிட்டனர்.

இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத் தலைவர் மார்ட்டின் ஹர்ஸ்ட், அமெரிக்காவில் படகு எஞ்சின் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குச் சென்றபோது இது அவர் கண்ணில் பட்டது. 1965-இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. இதே குடும்பத்து ஓல்ட்ஸ்மொபைல் எஞ்சினின் அடிப்படையில் அமைந்த எஞ்சினைக் கொண்டே ஜாக் பிராபாம் 1966-இல் உலகக் கார்ப் பந்தயப் பட்டத்தை வென்றார். வேண்டாமென்று ஒதுக்கிய பொருளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

1976-இல் ரோவர் வெளியிட்ட எஸ்.டி.1 என்னும் அழகிய கார் இந்த எஞ்சினைப் பெற்றது. 155 குதிரைத்திறன், மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகம். அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசும் கிடைத்தது. இந்தக் காரின் உடலைத்தான் பெருங்களத்தூருக்குக் கொண்டுவந்து, 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் விற்றனர்.

உடல் வந்தது, எஞ்சின் வரவில்லை. பெட்ரோல் விலை ஏறியிருந்த நம் நாட்டுக்கு எட்டு சிலிண்டர் பொருந்தாது என்பது உண்மைதான். அதற்குப் பதில் வைத்ததோ 1940-களில் வான்கார்டு காருக்காக உருவான நான்கு சிலிண்டர் எஞ்சின்! பெர்குசன் டிராக்டரில் ஏர் இழுத்ததும் இதே வம்சத்து எஞ்சின்தான். நம் பெண்ணையாற்றங்கரை வயல்களுக்கு அது ஏற்றது, ஓடுகாருக்கு?

சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் எடையைச் சுமார் 1,300 கிலோ என்று கொள்வோம். 155 குதிரைகள் இழுத்தால் ஒரு குதிரையின் பங்கு எட்டரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை எஞ்சினுக்கோ 83 குதிரைத்திறனே! ஒன்றின் பங்கு பதினைந்து கிலோவைத் தாண்டிவிடுகிறது. காரின் வேகத்தை எஞ்சினின் பருமன் மட்டும் தீர்மானிப்பதில்லை. இந்தப் பங்கீடே பெரிதும் தீர்மானிக்கிறது. பெருஞ்சுமையை எப்போதும் முக்கி இழுக்கும் எஞ்சின் பெட்ரோலையும் அதிகம் குடிக்கும். சிக்கனமும் இல்லை, வேகமும் இல்லை என்றால் வாங்குவோர் யார்? அதற்குள் 1983-இல் வந்த சின்னஞ்சிறு மாருதி, மக்கள் மனத்தைக் கவர்ந்துவிட்டது.

எஞ்சினை மட்டும் பழிப்பது நியாயமன்று என்பேன். 1977-இல் ஸ்டாண்டர்டு கெசல் கார் நின்றபின், இந்நிறுவனம் எட்டு ஆண்டுகள் புதிய கார் எதுவும் தரவில்லை. அவ்வளவு இடைவெளிக்குப் பின் விலை உயர்ந்த ஒரே காரை நம்பியது பெருந்துணிவுதான். 1988-இல் உற்பத்தி நின்றது. தொழிலாளர்கள் வேலை இழந்தனர். அமெரிக்கா கைவிட்ட அந்த அலுமினிய எஞ்சினோ, லேண்ட் ரோவர் வண்டிகளில் 2004 வரை ஓடிற்று.