கண்ணாடி வீட்டில் ஒரு விருந்து

இங்கிலாந்தில் கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணுக்குத் தோழிகள் விருந்து வைப்பது வழக்கம். ஹென் பார்ட்டி என்பார்கள். ஆட்டமும் பாட்டும் கேலியுமாகப் போகும். அதை வைத்து ஒரு திகில் நாவலே எழுதிவிட்டார் ரூத் வேர். 2015-ல் வந்த அந்த நாவலின் பெயர் ‘இன் எ டார்க், டார்க் வுட்’.

நோரா லண்டனில் தனியாக இருக்கும் எழுத்தாளர். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத பள்ளித் தோழி கிளேரின் விருந்துக்கு அழைப்பு வருகிறது. அந்த நாளில் கூட்டத்தையே தன் விரலசைவில் ஆட்டிவைத்தவள் கிளேர். பள்ளியில் நோராவை ‘லீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். பழசெல்லாம் வேண்டாம் என்று பெயரையே மாற்றிக்கொண்டவர் அவர். விருந்தில் மறுபடியும் யாரோ ‘லீ’ என்கிறார்கள். பத்து வருஷமும் ஒரு நொடியில் கரைந்துவிடுகிறது! எனக்குப் பிடித்த இடம் அதுதான். பின்னால் வரும் ரத்தம்கூட அவ்வளவு பயமுறுத்தவில்லை.

விருந்து நடப்பது நார்தம்பர்லாந்துக் காட்டுக்குள், கண்ணாடிச் சுவர் வைத்த வீட்டில். செல்போன் சிக்னல் கிடையாது. இருட்டிவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வெளியே நிற்பவருக்கு உள்ளே எல்லாமே தெரியும். காலையில் பனியில் காலடித் தடங்கள். கணப்படுப்புக்கு மேலே சுவரில் ஒரு துப்பாக்கி.

தலையில் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கண்விழிக்கிறார் நோரா. நடந்தது பாதிதான் ஞாபகம் இருக்கிறது. கதவுக்கு வெளியே போலீஸ் காவல்.

மீதியைச் சொன்னால் படிக்கப்போகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.