இலக்கம் போடாத இருக்கை

மொன்றியலில் இருந்து நியூயோர்க்குக்கு ரயிலில் போக முதன்முறை ரிக்கெட் எடுத்தவர்கள், தேத்தண்ணீர் கையில் வந்ததும் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "இதிலே இருக்கை இலக்கமே இல்லையே, நின்றுகொண்டா போகவேண்டும்?"

நியாயமான பயம். கொழும்பு கோட்டையில் யாழ்தேவியின் மூன்றாம் வகுப்புக்கு முண்டியடித்தவர்களுக்கு முற்பதிவு இல்லாத பயணம் என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வண்டி நிற்கும் முன்பே ஜன்னலுக்குள்ளால் கைக்குட்டை எறிந்து இடம் பிடிப்பார்கள். பிடிக்க முடியாதவர்கள் வாசலோரம் பெட்டியைப் போட்டு அதன்மேல் குந்தியிருப்பார்கள். 1956இல் தொடங்கிய அந்த வண்டி 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்று, 2014 ஒக்ரோபரில்தான் திரும்பி வந்தது. இடையில் புலம்பெயர்ந்தவர்களின் நினைவில் ரயில் என்றால் அந்த நெரிசல்தான்.

மொன்றியல்–நியூயோர்க் வண்டியின் பெயர் அடிரொண்டாக். அமெரிக்காவின் ஆம்ட்ராக் நிறுவனம் 1974 முதல் ஓட்டுகிறது. கோட்டை ஸ்டேசனில் முற்பதிவு இல்லாமல் வாங்கும் ரிக்கெட், வண்டியில் ஏறுவதற்கான உரிமையை மட்டும் தரும். அடிரொண்டாக் ரிக்கெட் அப்படியில்லை. இருக்கைகளைக் கணக்கில் வைத்தே விற்கிறார்கள், ஆகவே உங்களுக்கு ஓர் இடம் உண்டு. எந்த இடம் என்பது மட்டும் முடிவாகவில்லை. ரொறன்ரோவுக்கு வியா ரயிலில் போய்ப் பழகியவர்கள் ரிக்கெட்டில் இலக்கம் பார்த்தே பழகியதால்தான் இந்தக் குழப்பம்.

எந்த இடமானால் என்ன என்று விட்டுவிடவும் முடியாது. தூரம் 613 கிலோமீட்டர்தான், ஆனால் பத்துப் பதினொரு மணித்தியாலம் எடுக்கும், எல்லையில் தாமதித்தால் இன்னும் கூடும். அவ்வளவு நேரமும் குடும்பம் நான்கு திசையில் பிரிந்து இருப்பது பெரிய கஷ்டம். ஆகவே வண்டி புறப்படும் மொன்றியல் கார் சென்ட்ரால் நிலையத்துக்கு நேரத்தோடு போய் வரிசையில் முன்னுக்கு நில்லுங்கள். அம்மம்மாவோ கைக்குழந்தையோ கூட வந்தால், முன்கூட்டி ஏற்ற முடியுமா என்று ஊழியரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே நம்மவர்கள் பலர் கடைசியில் ஏறுகிறார்கள். உள்ளே இடம் பிரிந்துபோனால் உடனே கண்டக்டரிடம் சொல்லவேண்டும். பக்கத்தில் இருப்பவர் சப்பாத்தைக் கழற்றி, மடிக்கணினியை விரித்த பிறகு அவரை எழும்பச் சொல்வது அவருக்கும் சங்கடம்.

தெற்கே போகும்போது இடது பக்கத்தில் உட்காருங்கள். பாதை சாம்ப்ளேன் ஏரியின் மேற்குக் கரையோடு போகிறது. போர்ட் கென்ட் தாண்டியதும் பாறைச் சரிவை வெட்டிய ஒடுங்கிய தடத்தில் வண்டி ஊர்ந்து போகும், ஜன்னலுக்குக் கீழே நேரே தண்ணீர். வெர்மொன்ட் மலைகள் அக்கரையில் தெரியும். இந்தப் பயணத்தில் இதைவிட அழகான பகுதி எனக்குத் தெரிந்து இல்லை. வைட்ஹோலோடு ஏரி முடிந்துவிடும். ஆல்பனிக்குப் பிறகு ஹட்சன் ஆறு வலது பக்கம் வரும், ஆனால் குளிர்காலத்தில் அதற்குள் இருட்டிவிடும் என்பதால் அதற்காக வலது பக்கம் பிடிப்பதில் பலனில்லை. திரும்பி வரும்போது எல்லாம் மாறும்: ஆறு இடது பக்கம், ஏரி வலது பக்கம். நித்திரைதான் முக்கியம் என்றால் பெட்டியின் நடுப்பகுதியைப் பாருங்கள். சக்கரங்கள் பெட்டியின் இரு முனைகளிலும் இருப்பதால் நடுவில் ஆட்டம் குறைவு, கதவுச் சத்தமும் குறைவு.

வண்டி புறப்பட்டதும் கண்டக்டர் ரிக்கெட்டைப் பார்த்துவிட்டு, நீங்கள் இறங்கும் ஊரைக் குறித்த சின்னக் கடதாசி ஒன்றை உங்கள் தலைக்கு மேலே செருகிவிட்டுப் போவார். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அந்த இடத்தில் ஆள் இருக்கிறார், இன்ன இடத்தில் இறங்குவார் என்று வண்டி ஊழியர்களுக்குச் சொல்வது அதுதான். கழிப்பறைக்கோ கோப்பி வாங்கவோ போனால் அதை அங்கேயே விட்டு, ஒரு ஜக்கெட்டையும் இருக்கையில் வைத்துவிட்டுப் போங்கள். கடவுச்சீட்டும் காசும் மட்டும் உங்களோடு வரட்டும். வேறு இருக்கைக்கு மாறினால் கடதாசியையும் எடுத்துக்கொண்டு மாறுங்கள். இல்லாவிட்டால் பழைய இடம் ஆளில்லாமலே நிரம்பியதாகத் தெரியும், புதிய இடத்தில் நீங்கள் இருந்தும் அது வெறுமையாகத் தெரியும்.

எல்லைச் சோதனை ரவுசஸ் பொயின்டில் நடக்கும். அமெரிக்க அதிகாரிகள் வண்டிக்குள் ஏறி ஒவ்வொருவராக விசாரிப்பார்கள், ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த நேரம் எழும்பி நடமாடக் கூடாது, ஆகவே கழிப்பறைக்கு அதற்கு முன்பே போய்வாருங்கள், முக்கியமாகப் பிள்ளைகளும் நீரிழிவுக்காரரும். விசாவில் போகிறவர்கள் சிலரை மேலதிகப் பதிவுக்கு உணவுப் பெட்டிக்குக் கூப்பிடுவதுண்டு, பதற வேண்டியதில்லை. ஆனால் இதை நன்றாக மனதில் வைத்திருங்கள்: கனடாவின் பி.ஆர். அட்டை மட்டும் இருந்து கடவுச்சீட்டு இலங்கையுடையது என்றால், அமெரிக்க விசா இல்லாமல் போகமுடியாது. சாப்பாட்டையும் யோசித்துக் கட்டுங்கள். இறைச்சியும் பழமும் இருந்தால் அதிகாரியிடம் சொல்லவேண்டும், சில பறிபோகும். ஆட்டிறைச்சி ரோல்ஸைத் திரும்பி வந்து சாப்பிடலாம். புளிச்சாதமும் இடியப்பமும் வாசம் அதிகம் பரப்பாமல் பத்து மணித்தியாலம் தாங்கும்.

கோடையில் போவதென்றால் வண்டி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். வெயிலில் தண்டவாளம் நீண்டு நெளியக்கூடும் என்பதால், 30 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் கியூபெக் பக்கத் தடத்தில் வண்டி மிக மெதுவாகவே போகவேண்டும். இதனால் 2023 கோடையில் மொன்றியல் சேவையையே நிறுத்தி, செப்ரெம்பரில்தான் மறுபடி தொடங்கினார்கள்.

ஆல்பனியில் இயந்திரம் மாற்றுவார்கள். மன்ஹாட்டனுக்குள் போகும் சுரங்கத்தில் டீசல் புகை விடக்கூடாது, அதற்கு மின்சாரத்திலும் ஓடக்கூடிய இயந்திரம் வேண்டும். மாற்றும்போது கொஞ்ச நேரம் விளக்கு அணையும். கண்டக்டரைக் கேட்டுவிட்டு மேடையில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ள நல்ல சந்தர்ப்பம் இது. ஆனால் இங்கேதான் புதுக் கூட்டமும் ஏறும். பக்கத்து இருக்கையில் வைத்திருக்கும் பையை யாரும் கேட்கும் முன்பே மேலே ஏற்றிவிடுங்கள். காசு கொடுத்து ஏறுகிறவர் ஒருவர் பெட்டி பெட்டியாக இடம் தேடி நடக்கையில், நாம் நித்திரை போலக் கண்ணை மூடிக்கொண்டு பையைக் காவல் வைப்பது சரியில்லை.

நியூயோர்க்கின் பென் நிலையத்தில் இறங்கும்போது இரவாகியிருக்கும். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள் அதே நிலையத்தில் இருந்து லோங் ஐலண்ட் ரயிலில் ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட் வரை நேராகப் போகலாம். கோயில் அந்நேரம் பூட்டியிருக்கும், தங்குமிடத்தை முன்பே ஒழுங்குசெய்துவிட்டுக் காலையில் போங்கள்.