ஓங்கிய கை நிற்கும் இடம்

மாலை நான்கரை மணிக்குமேல் பள்ளித் திடலோரம் நடந்து செல்வோர், வெண்ணிற உடையணிந்த சிறுவர் சிறுமியர் வரிசையாய் நின்று "இச்சி, நி, சான், சி" என்று உரத்த குரலில் எண்ணுவதைக் கேட்டிருக்கலாம். எண்ணுவது ஜப்பானிய மொழியில்; எண்ணுவோர் புளியமரத்தடியிலும் மாந்தோப்பிலும் விளையாடி வளர்ந்த நம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள். கராத்தே வகுப்பு இன்று பெருநகரத்துப் பொழுதுபோக்காய் இல்லை. பள்ளி முற்றத்திலோ, வாடகைக் கூடத்திலோ, மொட்டை மாடியிலோ அது நடைபெறுகின்றது. நம் பங்குக் குடும்பங்களிலும் பலர் பிள்ளைகளை அனுப்புகின்றனர். சிலர் அனுப்பத் தயங்குகின்றனர். "அடிக்கக் கற்பிக்கும் இடத்துக்கு நம் பிள்ளையை அனுப்புவது முறையா?" என்பதே அவர்களுடைய கேள்வி. அந்த ஐயம் நியாயமானதே.

இக்கலையை நம்மவருக்கு அறிமுகம் செய்தது வகுப்பறையன்று, வெள்ளித்திரை. புரூஸ் லீ நடித்து 1973-ல் வெளிவந்த படமும், அதன்பின் 1983-ல் தமிழில் வந்த 'பாயும் புலி'யும் சிற்றூர்வரை சென்று இளைஞரை மயக்கின. புரூஸ் லீ பயின்றது சீனக் கலை, கராத்தே அன்று. ஆனால் கொட்டகையில் கைதட்டியவருக்கு அந்த வேறுபாடு எதற்கு? ஒருவன் பத்துப் பேரை வீழ்த்துவதே கராத்தே என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. பள்ளி ஆண்டுவிழாவில் ஓடு உடைப்பதும், படுத்திருப்பவர் கைமேல் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதும் அந்த எண்ணத்துக்கு நீர் வார்த்தன. இவற்றால் கூட்டம் சேரும். குழந்தைக்கு ஒரு பயனும் விளையாது.

உண்மை வரலாறோ ஒரு பள்ளிக்கூட வரலாறு. ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஒக்கினாவாத் தீவில், உள்ளூர்க் கைப்போர் முறையும் சீனத்து முறைகளும் கலந்து பிறந்தது இக்கலை. காஞ்சிபுரத்துப் போதிதருமரே இதனைச் சீனத்துக்குக் கொண்டு சென்றார் என்று நாம் பெருமை பேசுவதுண்டு. 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப்பின் அப்பேச்சு மிகுந்தது. கேட்க இனிமையே. ஆயினும் அதற்கு ஆதாரமாய்க் காட்டப்படும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது என ஆய்வாளர் காட்டியுள்ளனர். பெருமைக்காக வரலாற்றை வளைக்க வேண்டுவதில்லை. நாம் உறுதியாய் அறிவது, 1901-ல் இத்தோசு என்னும் முதியவர் ஒக்கினாவாத் தொடக்கப்பள்ளியில் இதனைக் கற்பிக்கத் தொடங்கினார் என்பதும், சிறுவர்க்கேற்ப ஐந்து எளிய பயிற்சி வரிசைகளை அமைத்தார் என்பதுமே. அவருடைய மாணவர் ஃபுனகோஷி (1868-1957) பள்ளி ஆசிரியர். 1922-ல் டோக்கியோவுக்குச் சென்று இதனை ஜப்பான் முழுவதும் பரப்பியவர் அவரே. 'கராத்தே' என்ற சொல்லை முன்பு 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்தால் எழுதினர். பின்னர் 'வெறுங்கை' எனப் பொருள்தரும் எழுத்தால் எழுதலாயினர்.

வகுப்பில் நடப்பது என்ன? முதல் மாதத்தில் சண்டையே கிடையாது. பிள்ளை நிற்கக் கற்கிறது. முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பது ஒரு நிலை. குதிரைமேல் அமர்ந்தவன்போல் இரு காலும் அகற்றி நிற்பது மற்றொன்று. இரண்டு நிமிடம் அப்படி நின்று பாருங்கள், தொடை நடுங்கும். பிறகு குத்து. ஒரு கை முன்னே செல்லும்போது மறு கை இடுப்புக்குத் திரும்ப வேண்டும், கைமுட்டி கடைசிக் கணத்தில் சுழல வேண்டும், மணிக்கட்டு வளையலாகாது. இதையே ஒரு மாலையில் நூறுமுறை செய்வர். அடுத்துக் 'கட்டா' எனும் வரிசை. கண்ணுக்குத் தெரியாத எதிரிகளை நான்கு திசையிலும் எண்ணிக்கொண்டு, தடுத்தும் குத்தியும் நடக்கும் அசைவுகளின் தொகுப்பு அது. ஷோட்டோக்கான் பிரிவில் முதற்பாடமான கட்டா 21 அசைவுகள் கொண்டது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடிய வேண்டும். திரும்பி வராவிட்டால் எங்கோ ஓரடி பிசகிற்று என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஆசிரியர் திட்ட வேண்டியதில்லை. சிலம்பத்தில் கால்வரிசை கண்டோர்க்கு இது புதிதன்று.

இருவர் எதிரெதிரே நின்று மோதும் 'குமித்தே' இவற்றுக்குப் பின்னரே வரும். கராத்தேயின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது என்பது நம் கருத்து. முழு வேகத்தில் முகத்தை நோக்கிச் செல்லும் கை, தோலைத் தொடுமிடத்தில் நிற்க வேண்டும். இலக்கைத் தவறவிடுவது பிழை. இலக்கை உடைப்பதும் பிழை. 14 வயதுக்குட்பட்டோர்க்கு முகத்தைப் பொறுத்த விதி இன்னும் கடுமையானது. அடிக்கும் ஆற்றல் வந்தபின் அதனை அடக்கும் ஆற்றலையும் பெறுவதற்கே இத்தனை ஆண்டுப் பயிற்சி.

இவ்விதி எத்துணைக் கண்டிப்பானது என்பதை உலகமே கண்ட நாள் ஒன்றுண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதன்முறையாய் இடம்பெற்றது. 2021 ஆகஸ்டு 7 அன்று 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர் இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் தாரிக் ஹமீதி 4-1 என முன்னணியில் இருந்தார். அவருடைய நாட்டுக்கு அதுவரை ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமே கிடைத்ததில்லை. அவர் காலை உயர்த்தி உதைத்த உதை ஈரானியரான சஜ்ஜாத் கஞ்சாதேயின் தலைப்பகுதியில் விழ, அவர் நினைவிழந்து சாய்ந்தார். தூக்குப் படுக்கையில் அவரைக் கொண்டு சென்றனர். நடுவர்கள் கூடிப் பேசினர். பின்னர் ஹமீதி அளவுமீறித் தாக்கினார் என்று தகுதிநீக்கம் செய்து, தங்கத்தைக் கஞ்சாதேக்கு அளித்தனர். வென்ற செய்தி கண்விழித்த பின்னரே அவருக்குத் தெரிந்தது. அந்தத் தீர்ப்பு சரியா என்று உலகெங்கும் விவாதித்தனர். குத்துச்சண்டையாயின் வீழ்த்தியவனே வென்றவன், விவாதமே எழுந்திராது. கராத்தேயில் வீழ்த்தியவன் வெள்ளியோடு நின்றான்.

நம் பிள்ளைகள் செல்லும் போட்டிகளிலும் அதே விதிதான். எட்டு மீட்டர்ச் சதுர விரிப்பு. ஒருவர்க்குச் சிவப்புக் கச்சை, மற்றவர்க்கு நீலம். கையால் குத்தினால் ஒரு புள்ளி, உடலில் உதைத்தால் இரண்டு, தலையளவுக்குச் சரியாக உதைத்தால் மூன்று. எட்டுப் புள்ளி முந்திவிட்டால் ஆட்டம் முடிந்தது. சேலத்துக்கோ ஓசூருக்கோ விடியற்காலைப் பேருந்தேறிச் சென்று, பகல் முழுதும் தன் பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்து, இரண்டு நிமிடம்கூட நீடிக்காத ஆட்டத்தில் தோற்றுத் திரும்பும் பிள்ளைகளே மிகுதி. தோற்றபின்னும் எதிராளிக்கும் நடுவருக்கும் தலைவணங்கிவிட்டே வெளியேற வேண்டும். பெற்றோர் சிலர் அந்நேரத்தில் நடுவரோடு வாதிடத் தொடங்குகின்றனர். பிள்ளை காத்த ஒழுங்கைத் தந்தை குலைக்கிறார்.

ஃபுனகோஷி தம் வாழ்நாளில் போட்டிகளை விரும்பியதில்லை. அவர் மறைந்த 1957ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் நாடு தழுவிய போட்டி தொடங்கிவிட்டது! ஆசிரியர் அஞ்சியது வீணன்று. போட்டியைச் சுற்றி வாணிபம் வளர்ந்துள்ளது. வெள்ளையில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம், பழுப்பு எனக் கறுப்புவரை செல்லும் பெல்ட்டுகளுக்குத் தேர்வுக் கட்டணம் உண்டு. ஒழுங்காய்ப் பயின்றால் கறுப்புப் பெல்ட்டுக்கு நான்கைந்து ஆண்டாவது செல்லும். ஓராண்டில் தருகிறோம் என்பவர் தருவது துணிக்கச்சை மட்டுமே. பெயரில் 'அகில உலக' என்றும் 'தேசிய' என்றும் கொண்ட போட்டிகளும் அவ்வாறே; வந்தவர்க்கெல்லாம் கோப்பை கிடைக்கும்படி பிரிவுகளைப் பெருக்கி வைத்திருப்பர். சங்கங்களுக்குள் பூசலும் குறைவில்லை. 2020-ல் உலகக் கராத்தே கூட்டமைப்பே அன்றைய இந்தியச் சங்கத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தைத் தற்காலிகமாய் விலக்கிக்கொண்டது. ஆகவே கட்டணம் செலுத்துமுன், இப்போட்டியை நடத்துவது எந்தச் சங்கம், அதனை ஏற்றுக்கொண்டது யார், பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு அதன் சான்றிதழை மதிக்குமா என்று கேட்டறிவது பெற்றோர் கடமை. ஒலிம்பிக் கனவு காட்டுவோரிடமும் விழிப்பு வேண்டும். 2024 பாரிசில் கராத்தே இடம்பெறவில்லை, 2028-க்கான பட்டியலிலும் இல்லை. ஆசிய விளையாட்டுகளில் 1994 முதல் அதற்கு இடமுண்டு.

வணங்குதலைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். வகுப்பின் தொடக்கத்தில் மண்டியிட்டுத் தலைவணங்குவது வழிபாடாகாதா என்பது கேள்வி. அது ஜப்பானியரின் வணக்கமுறை; நாம் கைகூப்புவது போன்றது. படத்துக்கு முன் விளக்கேற்றி வழிபடச் சொன்னால், எங்கள் வழக்கம் வேறு என்று பணிவுடன் சொல்லிவிடலாம். போட்டிகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில் அமைவது மற்றொரு தொல்லை. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடமை நிறைவேறும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. மறைக்கல்வி வகுப்பை மாதந்தோறும் விட்டுவிடுவதற்கு இது அனுமதியன்று என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறோம்.

இனி நம் பெண்மக்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி, தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுவரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேர் மட்டுமே இருந்தனர். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இங்கும் வரவேண்டியிருந்தது. 2011-ல் அவ்வெண் தொள்ளாயிரத்தைத் தாண்டிற்று, ஆறுதலே. ஆயினும் பிறந்த பெண்ணை வளர்க்கும் முறையில் பழைய அச்சம் இன்னும் போகவில்லை. மஞ்சள் பெல்ட், பச்சைப் பெல்ட் என்று முன்னேறிவந்த சிறுமி, பூப்பெய்திய மறுமாதம் வகுப்புக்கு வருவதில்லை. "இனி எதற்குக் காலைத் தூக்கி உதைப்பது?" என்கிறார் பாட்டி. தாயும் தந்தையும் பெங்களூரில் கட்டட வேலையில், முடிவெடுப்பது பாட்டிதான். பயிற்சி மிகவும் தேவைப்படும் வயதில் அது நின்றுவிடுகின்றது. உலகப் போட்டிகளிலும் ஆடவர்க்கு 1970-ல் திறந்த கதவு, பெண்களின் நேர்மோதலுக்கு 1982-ல்தான் திறந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம். பாட்டி தனியாக இல்லை!

அதே வேளையில் கராத்தே கற்ற பெண்ணுக்கு ஆபத்தே இல்லை என்றும் எண்ணிவிடலாகாது. குழந்தைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் அது அறிந்த மனிதரே. 2021-ல் சென்னையில் தற்காப்புக் கலை ஆசிரியர் ஒருவரே மாணவியின் புகாரின்பேரில் கைதானார். ஆகவே வகுப்பு திறந்த இடத்தில் நடக்கிறதா, பெற்றோர் எப்போது வந்தாலும் பார்க்க விடுகிறார்களா, வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகளோடு பெண் ஒருவர் செல்கிறாரா என்று பாருங்கள். "வேண்டாம்" என்று உரக்கச் சொல்லவும், நடந்ததை வீட்டில் சொல்லவும் பிள்ளை கற்க வேண்டும். கராத்தேயில் குத்தோடு சேர்த்து எழுப்பும் அந்தப் பெருங்குரல் இதற்கு உதவுகிறது. கூச்சமுள்ள சிறுமிக்கு முதல் மாதத்தில் அக்குரல் எழுவதே இல்லை, மூன்றாம் மாதத்தில் எழுந்துவிடுகின்றது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அரசுப் பள்ளி மாணவியருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் மூன்றுமாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு. பயன் உள்ளதே. ஆனால் மூன்று மாதத்தில் நிற்கத்தான் கற்க முடியும். அதன்பின் தொடர விரும்பும் பெண், பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நகருக்குப் பேருந்தில் சென்று, இருட்டுமுன் வீடு திரும்பியாக வேண்டும். அது பல வீடுகளில் நடவாத காரியம். நம் பங்குகள் பலவற்றில் மண்டபம் இருக்கின்றது. திருமணமோ கூட்டமோ இல்லாத வாரநாள் மாலைகளில் அது பூட்டியே கிடக்கின்றது. நல்ல ஆசிரியர் ஒருவரையும், உடனிருக்க இரண்டு தாய்மாரையும் ஏற்பாடு செய்தால், வாரம் இருமுறை ஐந்து முதல் ஆறரைவரை அதனைத் திறந்துவிடப் பங்குப் பேரவை முடிவெடுக்கலாம்.